மொட்டைக் காரும் வளைகாப்பும்

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு விடை கொடுத்த அன்று, கேக் வெட்டி முடித்து எல்லாரும் விரலில் ஒட்டிய க்ரீமை நக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இளசுகள் ஒரு கேள்வி கேட்டார்கள்.

"மும்தாஜக்கா, இப்ப நாங்க பீடிங் மேலயே ஃபிலிமை ஒட்டி வண்டிய அனுப்பிடறோம். நீங்க மட்டும் எதுக்கு ஒவ்வொண்ணா கழட்டி, தேச்சு, திரும்ப மாட்டிட்டு இருந்தீங்க? வேற வேலை இல்லையா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. காரின் கதவுக் கண்ணாடிக்குக் கீழேயும், முன் கண்ணாடியைச் சுற்றியும், ஓரங்களிலும் மெல்லிய பட்டைகள் ஓடுமே, அவற்றுக்குத்தான் எங்கள் தொழிலில் பீடிங் என்று பெயர். வெயிலில் வெளிறிப்போன பீடிங் மேல் ஃபிலிம் என்கிற மெல்லிய நிறத்தாளை ஒட்டினால் அரை நாளில் புதுசு போல ஆகிவிடும். ஃபிலிமை நான் குறை சொல்லமாட்டேன். நல்ல சமாச்சாரம். என் முட்டிக்காகவாவது அது முன்பே வந்திருக்கலாம். ஆனால் அன்றைக்கு அவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கேக் முடிந்து சமோசா வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் கல்யாணமாகி ஓசூருக்கு வந்தவள். முதலில் ஒரு தொழிற்சாலையில் வண்டி டேங்குக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன். ஒப்பந்தம் முடிந்து வெளியே வந்ததும் ஜூஜுவாடியில் சாமண்ணாவின் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். முதல் சில வருஷங்கள் மாஸ்கிங் டேப் ஒட்டினேன், தண்ணி பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்தேன், பிறகு மறுபடியும் தேய்த்தேன். அந்தக் காலத்தைப் பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை. சாமண்ணாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

அவர் அத்திப்பள்ளிப் பக்கத்துக்காரர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், பெயின்ட் கடைக்காரரிடம் தெலுங்கு. வேலை செய்கிறவர்களை அவர் ஒரு நாளும் திட்டியதில்லை. தப்பு நடந்தால் நேராகக் காரிடம் போய்ப் பேசுவார். நான் முதன்முதலாக ஒரு பீடிங்கைக் கழற்றியபோது, ஒரு முனையைப் பிடித்து வாழைப்பழத் தோலை உரிப்பது போல இழுத்துவிட்டேன். அது முறுக்கு மாதிரி சுருண்டு என் கையில் வந்தது. சாமண்ணா அதை வாங்கிப் பார்த்தார். என்னைப் பார்க்கவே இல்லை. காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்தார்.

"வலிச்சுதாம்மா? நோடு, பாரு, இந்தப் பொண்ணு அவசரப்பட்டுட்டா. வீட்ல ஏதோ நெனப்பு. நீ மனசுல வெச்சுக்காத. வேற ஒண்ணு வாங்கித் தரேன், சரியா?"

என்னைத் திட்டியிருந்தால் மாலைக்குள் மறந்திருப்பேன். அவர் அந்தக் காருக்கு ஆறுதல் சொன்னதைக் கேட்ட பிறகு நான் எந்தப் பட்டையையும் முனையைப் பிடித்து இழுத்ததில்லை. வேலை நன்றாக வந்தாலும் எங்களிடம் சொல்லமாட்டார். காரைத்தான் கேட்பார்: "ஊட்டா ஆய்த்தா?" சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். அது காதில் விழுந்தால் அன்றைக்கு எங்களுக்கெல்லாம் தீபாவளி, ரம்ஜான் இரண்டும் சேர்ந்து வந்த மாதிரி.

அப்படிப்பட்ட ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு நாள் கூரையில்லாத கார் ஒன்று வந்தது.

நீல நிறம். பழைய வெளிநாட்டு வண்டி. துணிக்கூரை பின்னால் மடிந்து கிடந்தது. ஓட்டிக்கொண்டு வந்தவர் வேட்டி கட்டிய பெரியவர். பின் சீட்டில் இரண்டு கூடை தக்காளி. தெருவே கூடிவிட்டது. டீக்கடைக்காரர் டீயை ஆற்றிக்கொண்டே வந்து நின்றார்.

"ராயக்கோட்டையில மண்டி வெச்சிருக்கேன். பேரு கோவிந்தன்" என்றார் பெரியவர். "பெங்களூர்க்காரர் ஒருத்தர் வித்தாரு, வாங்கிட்டேன். ஊர்ல எல்லாம் மொட்டைக் காரு, மொட்டைக் காருன்னு சிரிக்கிறாங்க. சிரிக்கட்டும். எனக்கு ஒண்ணே ஒண்ணு ஆகணும் மேஸ்திரி. இது சத்தம் போடக் கூடாது."

"எஞ்சின் சத்தமா?"

"எஞ்சின் இல்லீங்க. வேகமாப் போனா இந்தப் பட்டையெல்லாம் டகடகன்னு அடிக்குது."

பீடிங்கைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. முன் கண்ணாடிச் சட்டத்தில் பெயின்ட் கொப்புளித்து, தொட்டால் செதில் செதிலாக வந்தது. கதவுப் பட்டைகள் அலுமினியம். பால் ஊற்றிக் காய்ந்த மாதிரி வெளுத்துக் கிடந்தன. கூரை மடியும் இடத்தைச் சுற்றி, ஒரு கதவின் பின்னாலிருந்து மறு கதவு வரைக்கும் லாடம் போல வளைந்த ஒரே நீளப் பட்டை. அது பல இடங்களில் பிடி விட்டு ஆடியது.

சாமண்ணா, "புதுசு கெடைக்காது. பழசையே சரி பண்ணலாம். ஆனா டைம் ஆகும்" என்றார்.

"டைம் இல்லீங்க. பொண்ணுக்கு வளைகாப்பு" என்றார் கோவிந்தண்ணன். அதற்குப் பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்.

அவர் மனைவி லலிதாம்மா நான்கைந்து வருஷங்களுக்கு முன்னால் போன ஒரு பஸ், மலைத் திருப்பத்தில் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. இவரும் அதில்தான் இருந்தார். இவருக்குத் தோள்பட்டை போனது. அந்தம்மாவுக்கு ஒரு கீறல் இல்லை. ஆனால் கண்ணாடியை உடைத்து எடுக்கிற வரை ஆட்களுக்கு அடியில் கிடந்திருக்கிறார். அன்றிலிருந்து தலைக்கு மேல் கூரை உள்ள எந்த வண்டியிலும் ஏற முடியவில்லை. ஏறினால் மூச்சு அடைத்துக்கொள்ளும். பஸ், ரயில், ஆட்டோ, எதுவும் ஆகாது. மகள் செல்வியின் கல்யாணத்தை ராயக்கோட்டையிலேயே வைத்ததால் மண்டபத்துக்கு நடந்தே போய்விட்டார். மகளைக் கொடுத்தது கிருஷ்ணகிரியில். அந்த வீட்டு வாசலை அந்தம்மா இன்னும் பார்த்ததில்லை.

"பைக்ல கூட்டிட்டுப் போகலாமேண்ணா?" என்றேன்.

"இந்தத் தோளை வெச்சுக்கிட்டு பைக் ஓட்ட முடியாதும்மா. தக்காளி ஏத்துற வண்டி பின்னால நிக்க வெச்சுக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். சம்பந்தி வீட்டு வாசல்ல தக்காளிக் கூடை மாதிரி எறங்கவான்னு கேட்டா. நியாயந்தானே?"

அதற்காகத்தான் இந்தக் கார். முதல் நாள் லலிதாம்மா தைரியமாக ஏறி உட்கார்ந்துவிட்டாராம். ஊர் எல்லை தாண்டி வேகம் எடுத்ததும் பட்டை அடிக்க ஆரம்பித்திருக்கிறது. பஸ் கவிழ்வதற்கு முன்னால் தகரம் அடித்துக்கொண்ட அதே சத்தம். நிறுத்தச் சொல்லி இறங்கி, வீடு வரைக்கும் நடந்தே வந்துவிட்டார்.

நான் சாமண்ணாவைப் பார்த்தேன். அவர் காரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரி விடும்மா" என்று அதன் கதவைத் தட்டினார். "நல்ல ஊட்டுக்குத்தான் வந்திருக்க. பண்ணிடலாம்."

அன்றைக்கே ஆரம்பித்தேன். முதலில் ஒவ்வொரு பட்டையின் இரு ஓரத்திலும் பாடி மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினேன், நீலத்தில் கீறல் விழாமல் இருக்க. பிறகு சூடு காற்றுத் துப்பாக்கியைப் பட்டையின் நீளத்துக்கும் நிறுத்தாமல் ஓட்டவேண்டும். பழைய பிளாஸ்டிக் கிளிப் காய்ந்து போயிருக்கும். சூடு பட்டால்தான் இளகும், இல்லாவிட்டால் ஒடியும். கிளிப் இருக்கும் இடத்தை விரலால் தட்டிக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் தட்டையான பிளாஸ்டிக் நெம்பியை நுழைத்து, ஒரு நெல் அளவு தூக்க வேண்டும். உடனே அடுத்த கிளிப்புக்குப் போக வேண்டும். கடைசி வரை போய்விட்டு, திரும்ப முதலிலிருந்து இன்னொரு நெல் அளவு. இப்படிப் போனால் பட்டைக்குத் தான் கழற்றப்படுவதே தெரியாது.

கதவுப் பட்டைகள் சமர்த்தாக வந்தன. லாடப் பட்டைதான் படுத்தியது. அதன் திருகுகள் துணிக்கூரையின் அடியில் ஒளிந்திருந்தன. கூரையை முழுக்க மூடினாலும் தெரியாது, முழுக்கத் திறந்தாலும் தெரியாது. பாதியில் நிறுத்தினால்தான் கை போகும். இரண்டு பக்கமும் மூங்கில் முட்டுக் கொடுத்துக் கூரையை அந்தரத்தில் நிறுத்தினோம். அதன் அடியில் நான் தலையை விட்டு, காலை வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தேன். டீக்கடைக்காரர் என் செருப்பிடம், "அக்கா, டீ வேணுமா?" என்று கேட்டார். துருப்பிடித்த திருகுகளுக்கு எண்ணெய் விட்டு ஊறவைத்து, ஊறவைத்து, கடைசியில் பட்டை முழுசாக வந்தது. சாமண்ணா ஒரு முனை, நான் ஒரு முனை. குழந்தையைத் தூளியிலிருந்து எடுப்பது போலத் தூக்கி வெளியே கொண்டுவந்தோம். எங்கேயும் வளையவில்லை. நான் அங்கேயே ஒரு சுற்று ஆடினேன்.

வெளுத்த அலுமினியம் பாலிஷ் போட்டால் பளபளக்காது. அதன் மேல் தொழிற்சாலையில் போட்ட ஒரு பூச்சு இருக்கிறது. வெளுத்துப்போவது அந்தப் பூச்சுதான். அதைக் காஸ்டிக் சோடா தண்ணீரில் எடுக்க வேண்டும். கையுறை, கண்ணாடி போட்டு, வெட்டவெளியில் வைத்துத் துடைத்தேன். நுரைத்துக் கறுத்து, கழுவினால் உள்ளே சுத்தமான உலோகம். லாடப் பட்டைக்குத் தச்சரிடம் சொல்லி அதே வளைவில் ஒரு மரப்படுக்கை செய்து, அதில் கிடத்தித் தேய்த்தேன். கரடான தண்ணி பேப்பரில் தொடங்கி நைசான பேப்பர் வரை.

இனி கறுப்பு அடித்துவிடலாம் என்பது என் எண்ணம். கறுப்பு பல குறைகளை மறைக்கும். கோவிந்தண்ணனுக்கு போன் போட்டேன். அவர் ஸ்பீக்கரில் போட, பின்னாலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. அதுதான் நான் லலிதாம்மா குரலை முதலில் கேட்டது.

"ஏம்மா, வளைகாப்புக்குப் போற வண்டிக்குக் கறுப்பா? ஆகவே ஆகாது."

"வேற என்ன கலர்மா வேணும்?"

"வெள்ளிக் கொலுசு மாதிரி இருக்கணும்."

போனை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தேன். கொலுசு மாதிரி என்றால் ஒரு சின்னக் கீறல்கூடத் தெரியும். ஆனால் சாமண்ணாவுக்கு ஒரே சந்தோஷம். காரிடம் போய், "கேட்டியா? உனக்குக் கொலுசு!" என்றார். அப்புறம் என்ன, இன்னும் நைசான பேப்பர், அதற்கு மேல் பாலிஷ், அதற்கு மேல் மெல்லியதாக, நிறமில்லாத க்ளியர் பூச்சு. முன் சட்டத்தின் கொப்புளத்தையெல்லாம் சுரண்டி, பிரைமர் அடித்து, வெள்ளி நிறம் கொடுத்தோம். புதுக் கிளிப் போட்டு எல்லாவற்றையும் மாட்டி முடித்தபோது வெயில் அந்தப் பட்டைகளில் பட்டு எங்கள் தகரக் கூரையில் ஓடியது.

சாமண்ணா காரைச் சுற்றி வந்தார். "ஊட்டா ஆய்..." என்று வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். "ஓட்டிப் பார்த்துட்டுக் கேக்கறேன்."

சர்வீஸ் ரோட்டில் ஓட்டினோம். மெதுவாகப் போகும்போது ஒன்றுமில்லை. வேகம் எடுத்ததும், டொக். டொக். டொக்டொக்டொக்.

வளைகாப்பு நெருங்கிவிட்டது. எல்லாப் பட்டையும் கையால் அழுத்தினால் கல் மாதிரி இருக்கிறது. சத்தம் மட்டும் எங்கிருந்தோ வருகிறது.

ஒரே வழிதான். காற்று ஓடும்போது ஒவ்வொரு இடமாக டேப்பால் கட்டிப் பார்க்க வேண்டும். எந்த இடத்தைக் கட்டினால் சத்தம் நிற்கிறதோ, அதுதான் குற்றவாளி. சாமண்ணா ஓட்ட, நான் பின் சீட்டில் பெல்ட்டோடு உட்கார்ந்து, தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, லாடப் பட்டையில் காதை வைத்தேன். நிறுத்துவோம், ஓர் இடத்தில் டேப் ஒட்டுவோம், மறுபடி ஓட்டுவோம். பக்கத்தில் போன பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஒரு பக்கமாக வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் ஜன்னல் வழியே, "என்னக்கா, காருக்கு நாடி பாக்கறீங்களா?" என்று கத்தினார். "ஆமா, ஜுரம்!" என்று நானும் கத்தினேன். அத்திப்பள்ளி வரை போய்த் திரும்பி, மறுபடி போய்த் திரும்பினோம். கார் முழுக்க மஞ்சள் டேப். அடிபட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது போல இருந்தது.

வலது பக்கம், கதவுக்குப் பின்னால் ஒட்டியபோது சத்தம் சட்டென்று நின்றது. "நின்னுடுச்சு! நின்னுடுச்சு!" என்று நான் போட்ட கூச்சலில் சாமண்ணா பயந்து வண்டியையே நிறுத்திவிட்டார்.

கழற்றிப் பார்த்தோம். அந்த இடத்தில் பாடியின் ஓட்டை துருப்பிடித்துக் கொஞ்சம் அகலமாகியிருந்தது. கையால் ஆட்டினால் கிளிப் அசையாது. காற்று தூக்கினால் மட்டும் நடுங்கும். மேலே எதை ஒட்டினாலும் இது தெரிந்திருக்காது. துருவைச் சுத்தம் செய்து, பூசி, கிளிப்புக்கு அடியில் சைக்கிள் ட்யூப் ரப்பர் ஒரு துண்டு வட்டமாக வெட்டிப் போட்டேன். மாட்டினோம். ஓட்டினோம். எஞ்சின் சத்தமும் காற்றும் மட்டும்தான். சாமண்ணா ரோட்டோரம் நிறுத்தி, ஸ்டீயரிங்கைத் தடவி, "ஊட்டா ஆய்த்தா?" என்றார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

வளைகாப்பு அன்று காலை, "நீயும் கூடப் போ" என்று சாமண்ணா என்னை அனுப்பினார். "சத்தம் வந்தா?" என்றேன். "கையால அழுத்திப் பிடிச்சுக்கோ" என்றார்.

ராயக்கோட்டையில் லலிதாம்மாவை முதன்முறை பார்த்தேன். ஒல்லியான உடம்பு, பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ. வளையல் தட்டு, பழத்தட்டு, இனிப்பு, சித்ரான்னம் எல்லாம் என் பக்கத்தில் பின் சீட்டில் ஏறின. அவர் முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார். உடனே இறங்கினார். கோவிந்தண்ணன் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

லலிதாம்மா கதவுப் பட்டையை விரலால் தொட்டார். "கொலுசுதான்" என்றார், தனக்குத்தானே. மறுபடியும் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். "போங்க."

ஊர் எல்லை வந்தது. அவர் கை கதவை இறுக்கிப் பிடித்திருந்தது. வேகம் கூடியது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு காதைத் தீட்டினேன். காற்று. வெறும் காற்று. கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்தார். அண்ணாந்து பார்த்தார். வெகு நேரம் அப்படியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"என்னங்க, எருமை மாடா ஓட்டறீங்க? கொஞ்சம் வேகமாத்தான் போங்களேன்!"

கோவிந்தண்ணன் சிரித்த சிரிப்பில் கார் ஒரு பக்கம் ஒதுங்கி நேரானது. அந்தம்மாவின் கொண்டை அவிழ்ந்தது. பூ என் முகத்தில் வந்து விழுந்தது. மாந்தோப்பு வேலியோரம் நின்றவர்களுக்கெல்லாம் கை காட்டினார். தெரிந்தவர், தெரியாதவர் என்ற கணக்கே இல்லை. லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்தார். "நமக்குத்தான் அடிக்கிறாரு!" என்று அவருக்கும் கை காட்டினார்.

அப்போது மழை பிடித்துக்கொண்டது.

"அண்ணா, ஓரமா நிறுத்துங்க, கூரைய மூடிடலாம்" என்றேன்.

"மூடாத!" என்றார் லலிதாம்மா. பயந்த குரல் இல்லை அது. குழந்தை விளையாட்டை நிறுத்தச் சொன்னால் கத்துமே, அந்தக் குரல். "மழைதானே? பேஞ்சா பேஞ்சுட்டுப் போவுது! இனிப்பை மட்டும் பாத்துக்கம்மா!"

நான் இனிப்புக்கு மேல் குடையைப் பிடித்தேன். சித்ரான்னத்தை என் துப்பட்டாவால் மூடினேன். வளையல் தட்டை மடியில் வைத்துக் குனிந்துகொண்டேன். தண்ணீர் என் முதுகில் அருவி மாதிரி இறங்கியது. முன் சீட்டில் இரண்டு பேரும் வாயைத் திறந்து மழையைக் குடித்துக்கொண்டு வந்தார்கள். கிருஷ்ணகிரி வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலேயே சிரித்தோம்.

சம்பந்தி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. அதன் அடியில் நின்ற கூட்டம் அப்படியே எங்களைப் பார்த்தது. கார் நின்றதும் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடியது. லலிதாம்மா இறங்கினார். பட்டு உடம்போடு ஒட்டியிருந்தது. தலைமுடி முகத்தில் கிடந்தது. அம்மா வரமாட்டாள், அத்தைதான் வளையல் போடுவாள் என்று முடிவு செய்து மணையில் உட்கார்ந்திருந்த செல்வி, வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். எழுந்தாள். நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடி வந்தாள்.

"ஓடாதடி! ஏய், ஓடாத!" என்று பந்தலே கத்தியது.

அவள் வந்து அம்மாவைப் பிடித்துக்கொண்டாள். முகத்தைத் தடவினாள், முடியை ஒதுக்கினாள், பின்னால் நின்ற காரைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள்.

"எப்படிம்மா வந்தே?"

லலிதாம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"நனைஞ்சுக்கிட்டே வந்தேன்டி."